முடிசூடாமல் போன இளவரசனைக் கல்வெட்டில் தேடுவது எப்படி

நகரி, புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி, திருத்தணி தாண்டி அரக்கோணத்தில் இறங்கி, செங்கல்பட்டுப் பாதையில் வண்டி மாறினால் தக்கோலம். கி.பி. 949-இல் சோழ மன்னன் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே செத்தது இந்த ஊர்ப் போரில்தான். அப்பா இன்னும் உயிரோடு இருந்தார், 955 வரை ஆண்டார், பிறகு பட்டத்துக்கு வந்தது தம்பி கண்டராதித்தன். ஆகவே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அரசர் வரிசையில் இராசாதித்தனைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டான்.

அப்போ எங்கே தேடுவது? முதலில் 'துஞ்சின' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். துஞ்சுவது என்றால் தூங்குவது, கல்வெட்டில் சாவு. இராசாதித்தனுக்குப் பேரே 'ஆனைமேல் துஞ்சின' என்றுதான். ஆனால் இந்தச் சொல்லை வைத்து மட்டும் இளவரசன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அரசர்களுக்கும் இது வரும். காளத்தி அருகே தொண்டைமானாற்றூரில் துஞ்சினவன் முதலாம் ஆதித்தன், ஆற்றூரில் துஞ்சினவன் அரிஞ்சயன் (இவனுக்கு நம் எல்லையோர மேல்பாடியில் இராசராசன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், இருக்கிறது). இரண்டு பேருமே ஆண்டவர்கள்.

அடுத்து, எதிரி வீட்டுக் கல்லைப் படியுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். சோழர்களின் லெய்டன் செப்பேடு, எதிரியான இராட்டிரகூட அரசன் கிருஷ்ணனின் அம்பு நெஞ்சில் பாய்ந்து இராசாதித்தன் வீரசொர்க்கம் போனான் என்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லோ கொன்றது கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் நடப்பட்டது இளவரசனுக்காகவும் இல்லை, பூதுகனுக்காகவும் இல்லை, காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த 'காளி' என்ற வேட்டைநாய்க்காக! நாயின் கதைக்குள் ஒரு சோழ இளவரசனின் சாவு செருகிக்கொண்டு வந்திருக்கிறது. கல்லில் சக ஆண்டு (பழைய ஆண்டுக் கணக்கு) இருந்தால், கி.பி. ஆண்டுக்கு 78-ஐக் கூட்டுங்கள். வேலூர்ப் பக்கத்துச் சோழபுரம் கல்வெட்டில் வரும் சகம் 871, நம் கணக்கில் 949. தொண்டை மண்டலத்துக் கோயில்களில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' (கிருஷ்ணனுக்கு இங்கே வழங்கிய பேர்) என்று பார்த்தால் அது இந்தப் போருக்குப் பிறகு கிருஷ்ணன் கை ஓங்கியிருந்த காலம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆட்சியாண்டை (ஆட்சி தொடங்கி எத்தனையாம் ஆண்டு என்ற கணக்கை) நம்பி ஏமாறாதீர்கள். முடிசூடாமல் போன இன்னொரு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கு 'பாண்டியன் தலைகொண்ட பரகேசரி' (பரகேசரி என்பது சோழ அரசர் பட்டம்) என்று தனி ஆட்சியாண்டே உண்டு, ஆனாலும் அப்பா சுந்தர சோழன் இருக்கும்போதே கொல்லப்பட்டவன். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு, அவன் விண்ணுலகைப் பார்க்க ஆசைப்பட்டுப் போய்விட்டான் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உடையார்குடிக் கல்வெட்டு அப்படியில்லை, கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் எனப் பேர் போட்டே சொல்கிறது, ஏனென்றால் அங்கே பேச்சு அவர்கள் உறவினரின் நிலத்தைப் பற்றியது. சொத்துப் பத்திரத்தில் யாரும் கவிதை எழுதுவதில்லை, அதனால் புகழ்ப்பாட்டும் நிலக்கணக்கும் முரண்பட்டால் நான் நிலக்கணக்கு பக்கம்தான்.

கோயிலுக்குப் போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தக்கோலம் சலநாதீசுவரர் கோயிலாக இருந்தாலும் சரி, வேறு எங்கே என்றாலும் சரி, வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும், போட்டோவும் நன்றாக வரும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். மைப்படி (கல்லில் தாள் ஒட்டி மையால் எடுக்கும் நகல்) எடுக்க அனுமதி வேண்டும், அது நம் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அந்த ஊர்ப் பேரைத் தேடி, அச்சான பாடத்தோடு ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம், கூட இருந்தவர்களைத் தேடுங்கள். இராசாதித்தனுக்குக் கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்று ஒரு தோழன். போரில் கூட நின்று சாக முடியாமல் போனதே என்று மனம் வெறுத்துத் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பேரில் திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். அதைச் சொல்லும் கல்வெட்டு அந்த ஊர்க் கோயிலுடையது, அதில் இருப்பதும் கன்னரதேவனின் ஆட்சியாண்டுதான்.