கியர்பாக்ஸில் எந்தப் பல் உடைந்தது? சுற்றுவாரியாகச் சராசரி எடுங்கள்

பல் உடைசலின் அதிர்வு இரைச்சலுக்குள் மறைந்துகிடந்தால், ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண்வாரியான அதிர்வு அளவு) சராசரி உதவாது. அது இரைச்சலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துமே தவிர, அளவைக் குறைக்காது. வேண்டியது நேர ஒத்திசைவுச் சராசரி: ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றின் அதிர்வுப் பதிவையும் ஒரே தொடக்கப் புள்ளியில் பொருத்திக் கூட்டிச் சராசரி எடுப்பது.

சந்தேகப்படும் பல்சக்கரத்தின் ஷாஃப்டிலேயே ஒரே ஒரு துண்டு ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டி, டேப் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு தரும் லேசர் டேக்கோமீட்டரைச் சற்றுச் சாய்த்துக் குறிவையுங்கள். நேராக வைத்தால் பளபளக்கும் ஷாஃப்டே ஒளியைத் திருப்பியனுப்பும். சுற்றுக்கு இரண்டு துடிப்பு விழுந்து மொத்தச் சராசரியும் பாழ். பழைய டேப்பின் மிச்சம் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான்.

தொடர்பில்லாத இரைச்சல், சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூல விகிதத்தில் குறையும்: 100 சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, 400க்கு இருபதில் ஒரு பங்கு. 1500 ஆர்பிஎம்மில் 400 சுற்று என்பது 16 விநாடிதான், கஞ்சத்தனம் வேண்டாம்.

வேகம் லேசாக ஆடினாலும் பல் இணையும் அதிர்வெண் மங்கிவிடும். ஒவ்வொரு சுற்றையும் 1024 சம கோணப் புள்ளிகளாக மாற்றிய பிறகே கூட்டுங்கள். உடைந்த பல் சுற்றுக்கு ஒரு கூர்முனையாக நிற்கும். 23 பல் பினியனில் (சிறிய பல்சக்கரம்) ஒரு பல்லுக்குச் சுமார் 15.7 டிகிரி, துடிப்புக்குப் பின் இணையும் எத்தனையாவது பல் என்று எண்ணிவிடலாம்.

பேரிங் பழுதுக்கு இந்த வழி ஆகாது. அதன் அதிர்வெண்கள் பொதுவாக ஷாஃப்ட் வேகத்தின் முழு மடங்காக இருப்பதில்லை. இரைச்சலோடு சேர்ந்து அதுவும் அழிந்துபோகும்.