லீவுக்குப் புத்தகம் வாங்கப் போறவை விடுற பிழையள்

ஏப்ரல் பிறந்தால் வெள்ளவத்தையில வெயில் கொளுத்தும், ஸ்கூல் பூட்டும், எனக்கு வட்சப்பில "அண்ணை, லீவுக்கு வாசிக்க நல்ல புத்தகம் ஏதும் சொல்லுங்கோவன்" எண்டு மெசேஜ் வரத் தொடங்கும். சொல்லுவன். ரெண்டு நாளால வேற எதையோ வாங்கிவந்து படம் எடுத்து அனுப்புவினம். நாங்களும் ஒரு காலத்தில ஆடின கூத்துத்தான், அதால அட்டையைப் பாத்தவுடனேயே இது பாதியில நிக்கப்போற கேஸ் எண்டு விளங்கிடும். பிடிச்சதை வாங்குங்கோ, பாரம் குறைஞ்சதாப் பாருங்கோ எண்ட கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுறன்.

பதிப்பைப் பாக்காமல் வாங்கிறது

எனக்கு இண்டைக்கும் விசர் வாற விஷயம் இதுதான்.

பொன்னியின் செல்வனையே எடுப்பம், 2022இல படம் வந்த பிறகு கனபேர் லீவுக்கு எண்டு அதைத்தான் தேடுகினம். கல்கி அதை 1950இல இருந்து 1954 வரைக்கும் தன்ர பத்திரிகையில வாராவாரம் தொடரா எழுதினவர், அஞ்சு பாகம், மொத்தம் 293 அத்தியாயம். அவற்ற எழுத்தெல்லாத்தையும் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிப்போட்டுது, அதால இப்ப ஆரும் அச்சடிக்கலாம், ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. நல்ல விஷயம்தான், மலிவாக் கிடைக்குது. ஆனா நல்லா அச்சடிக்கிறவனும் அடிக்கிறான், எப்பிடியும் வித்தாச் சரி எண்டு இருக்கிறவனும் அடிக்கிறான், அட்டையில ரெண்டு பேரும் அதே குதிரையையும் வாளையும்தான் போடுறாங்கள்.

என்ர மச்சாள் மகனுக்கு எண்டு அஞ்சு பாகமும் ஒரே புத்தகமா வந்த ஒண்டை வாங்கினவ. சாதாரண அச்சில அஞ்சும் சேந்தால் 2000 பக்கத்தைத் தாண்டும், அதை ஒரு புத்தகத்துக்குள்ள அடக்கிறதெண்டால் எங்க கைவைப்பாங்கள்? எழுத்தில. மருந்துப் பெட்டிக்குள்ள வாற துண்டுச்சீட்டு மாதிரி எழுத்து, தாள் வேற மறுபக்கம் தெரியிற தாள். பெடியன் அப்பிடியும் விடயில்லை, யாழ்ப்பாணத்தில அம்மம்மா வீட்டு விறாந்தையில இருந்து வாசிச்சுக்கொண்டே போயிருக்கிறான். ரெண்டாம் பாகத்தில கதை இலங்கைக்கு வந்து, காடு, அநுராதபுரம் எண்டு எங்கட ஊர்ப் பேரெல்லாம் வர அவனுக்குச் சரியான புளுகம், சரியா அந்த இடத்தில 16 பக்கத்தைக் காணேல்லை, அதுக்குப் பதிலா முதல் வாசிச்ச 16 பக்கம் திரும்பவும் கிடக்கு.

ஏன் 16? பெரிய தாளில 16 பக்கத்தை ஒண்டா அச்சடிச்சு மடிக்கிறது, அதை ஃபாரம் எண்டுவினம், அந்த ஃபாரங்களை வரிசையா அடுக்கித்தான் பைண்ட் பண்ணுறது. அடுக்கிறவர் ஒண்டைத் தவற விட்டால் 16 பக்கமும் ஒரேயடியா இல்லை, ஒண்டை ரெண்டுதரம் வைச்சால் அதே கதை திரும்ப ஓடும். பெரிய பதிப்பகத்திலயும் இது நடக்கும், ஆனா அவை மாத்தித் தருவினம். மச்சாள் கொழும்புக்கு வந்து கடைக்குக் கொண்டுபோனா, "பில் இருக்கோ?" எண்டு கேட்டிருக்கிறாங்கள். லீவுக்குப் போக முந்தி வாங்கின புத்தகத்தின்ர பில்லை ஆர் வைச்சிருப்பினம்?

அது கூடப் பரவாயில்லை. பெடியன் புத்தகத்தை மூடி வைச்சிட்டு போனைத் தூக்கினதைப் பாத்திட்டு மச்சாள் சொன்னா, "இவனுக்கு வாசிக்கிற பழக்கம் வராது." அந்த எழுத்தில அம்மளவு தூரம் போனவனுக்கு! புத்தகத்தின்ர குறையெல்லாம் வாசிக்கிற பிள்ளையின்ர தலையிலதான் விழும்.

அதால கடையிலேயே செய்யவேண்டியது: கொஞ்சம் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோய் நடுவில திறந்து ஒரு பக்கம் முழுக்க வாசியுங்கோ, கண் சுருங்கினால் வையுங்கோ. அடியில பக்க நம்பரைப் பாத்துக்கொண்டு விரலால ஓட்டுங்கோ, 16இன்ர மடங்கு வாற இடங்களில கவனம். பொன்னியின் செல்வன் எண்டால் அத்தியாயத்தை எண்ணலாம்: முதல் பாகம் 57, ரெண்டாவது 53, மூண்டும் நாலும் 46, 46, கடைசிப் பாகம் 91. குறைஞ்சால் அது சுருக்கினது, அட்டையில சொல்லியிருக்க மாட்டாங்கள். பில்லைப் புத்தகத்துக்குள்ளயே வையுங்கோ, அடையாளத்துக்கும் உதவும். கடைக்காரர் முறைச்சால் முறைக்கட்டும்.

நைட் பஸ்ஸில வாசிக்கலாம் எண்டு நம்புறது

லைட்டை அணைச்சுப்போடுவாங்கள். பகல் ட்ரெயினில போங்கோ.

பிள்ளைக்குப் பொது அறிவுப் புத்தகம்

அது லீவில்லை, டியூஷன்.

இந்தியாவில இருந்து வந்தாத்தான் புத்தகம் எண்டு நினைக்கிறது

இந்திய ஒரு ரூபாய் எங்கட காசுக்கு மூண்டு ரூபாயைத் தாண்டும், கப்பல் செலவு வேற, அதால பின்னட்டையில இருக்கிற விலையைப் பாத்துச் சந்தோஷப்படாதேங்கோ. அதோட, லீவுக்குத் தோதான சின்ன நாவல் எங்கட பக்கத்திலயே கனக்க இருக்கு. செங்கை ஆழியான்ர வாடைக்காற்று நெடுந்தீவில வாடி, அதான் கரையில கொட்டில், போட்டு மீன்பிடிக்க வாற ஆக்களின்ர கதை, ஒரு மத்தியானம் தொடங்கினால் அடுத்தநாள் முடிஞ்சிடும், யாழ்ப்பாணம் போற பெடியளிட்ட குடுத்தால் குறிகட்டுவான் துறையில போட்டைப் பிடிச்சு நெடுந்தீவுக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டு நிப்பாங்கள். கடையில இல்லாத பழைய ஈழத்துப் புத்தகங்களை நூலகம் எண்ட இணையத்தளத்தில தேடுங்கோ, 2005இல இருந்து ஸ்கேன் பண்ணிப் போடுகினம், காசில்லை. ஆனா அதைப் போனில வைச்சு வெயிலில வாசிக்கலாம் எண்டு பிளான் போடாதேங்கோ, ஒண்டும் தெரியாது.

வாங்க முந்தி ஒருக்கால் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில போய் இருந்து நாலு பக்கம் புரட்டிப் பாத்தாலே பாதி ஏமாற்றம் குறையும். சங்கம் 1942இல தொடங்கினது, வெள்ளவத்தையிலதான் இருக்கு, அதே ரோட்டால தினமும் போற சனத்துக்கே உள்ளுக்க நூலகம் இருக்கிறது தெரியாது.

ஒரே எழுத்தாளரில நாலைஞ்சு

ரெண்டாவதோட சலிச்சிடும்.

வருஷத்துக்கு முதல்நாள் ஓடுறது

சித்திரை வருஷத்துக்கு முதல் ரெண்டு மூண்டு நாள் காலி வீதியில உடுப்புக்கடைச் சனத்துக்குள்ள நுழையவே ஏலாது, புத்தகக்கடையில வேலை செய்யிற பெடியளும் ஊருக்கு வெளிக்கிட்டிடுவாங்கள், கேட்டதை ஏணி வைச்சு எடுத்துத் தர ஆளில்லாமல் முன் மேசையில கிடக்கிறதைத்தான் தூக்கிக்கொண்டு வருவீங்கள். மார்ச் கடைசியில, ஒரு கிழமை நாள் பின்னேரத்தில போங்கோ.