தோட்டா ஆசை வேண்டாம், பெல்லட் போதும்: வீட்டில் ஏர் ரைஃபிள் பழக எதை முதலில் வாங்குவது?

போன மாதம் தங்கச்சி பையன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருத்தர் கார் நிறுத்தும் ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் குப்பியில் புது பிரைமர், அதாவது பற்றவைக்கிற சின்ன மூடி ஏற்றி, வெடிமருந்தை அளந்து போட்டு, ஒரு பிரஸ் மெஷினில் அழுத்தித் தோட்டாவை மறுபடி செய்து எடுக்கிறார். "மாமா, அந்த பிரஸ் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டான். டேய், அது அந்த ஊர். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பாயும், தண்டையார்பேட்டையில் நீ உட்கார்ந்து மருந்து அளந்தால் உன்னைப் பார்க்க நான் புழலுக்குத்தான் வரவேண்டும் என்றேன்.

ஆனால் பையனுக்குப் பிடித்தது அந்த அளந்து, பொறுக்கி, சரிபார்க்கிற வேலை. அந்த ருசி, வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தில் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிளிலும் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் வயதுக்கும் அடையாளத்துக்கும் சான்று கேட்பார்கள், கொடுத்துவிட்டு பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அப்புறம் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் வரிசையைத் திருப்பிச் சொல்கிறேன்.

முதலில் டேப் எடுத்து இடத்தை அளங்கள். போட்டி தூரம் 10 மீட்டர். நம்ம பக்கத்து ஒண்டுக் குடித்தன வீடுகளில் வாசலிலிருந்து பின்கட்டு வரை நேராக ஒரு நடை ஓடும், சில வீடுகளில் அது 10 மீட்டரைத் தாண்டும். நடுவில் ஒரு அறைக் கதவு திறந்தாலும் அந்த இடம் உதவாது, பிள்ளைகள் எப்போது ஓடிவரும் என்று சொல்ல முடியாது. 5 மீட்டர்தான் கிடைக்கிறதா, டார்கெட்டை ஜெராக்ஸ் கடையில் 50 சதவீதம் சுருக்கி எடுத்துக்கொள்ளுங்கள், பழகுவதற்கு அது தாராளம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். குறி தப்பிய பெல்லட் நூறு மீட்டருக்கு மேலேயும் பறக்கும், அடுத்த மாடியில் யாராவது வடகம் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பெல்லட் டிராப், அதாவது சுட்டதை வாங்கி அடக்குகிற பெட்டி. நான் காசு மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு அட்டைப்பெட்டியில் பழைய பேப்பரைத் திணித்து வைத்தேன். இருநூறு தடவை சுட்டிருப்பேன், எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அந்தப் பேப்பர் மாவாகிவிட்டது, அடுத்தது நேராகச் சுவரில். தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்த சத்தத்தைவிட அம்மா போட்ட சத்தம் பெரிசு. அப்புறம் வியாசர்பாடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பெட்டி அடித்து வாங்கினேன். பின்தகடு 45 டிகிரி சாய்ந்து, பெல்லட்டைக் கீழே தள்ளும்படி இருக்கவேண்டும். செங்குத்தாக வைத்தால் ஈயம் உங்களை நோக்கித் திரும்பி வரும். அதனால்தான் அதே நாளில் கண்ணுக்குப் போடும் பாலிகார்பனேட் கண்ணாடியும் வாங்கச் சொல்கிறேன், வேடிக்கை பார்க்கிறவருக்கும் சேர்த்து.

இப்போது துப்பாக்கி. ஆரம்பிக்கிறவருக்கு குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம் போதும். உதறும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடித்தால்தான் ஒரே இடத்தில் அடிக்கும், அந்த ஒழுக்கம் பின்னால் உதவும். பெல்லட் போடாமல் வெறுமனே டப் டப் என்று அடிக்காதீர்கள், பிஸ்டன் கெட்டுவிடும். காற்றை அடைத்து வைக்கும் பிசிபி ரகம் அமைதியானது, துல்லியமானது, ஆனால் செலவு அதோடு நிற்காது: 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிற பம்ப் வேண்டும், காசிமேட்டு உப்புக்காற்றில் அந்தப் பம்ப் ஈரத்தையும் சேர்த்து உள்ளே தள்ளும் என்பதால் ஈரம் வடிக்கிற ஃபில்டரும் வேண்டும், பழசாக வாங்கினால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பார்க்கவேண்டும். பல ஜெர்மன் கம்பெனிகள் 10 வருடத்துக்கு மேல் அதே சிலிண்டரை வைத்திருக்காதே என்கின்றன. ஒன்று மட்டும் கத்திச் சொல்கிறேன். பக்கத்துப் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து ஏற்றிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும்.

சரி, பெல்லட். பேப்பர் டார்கெட்டுக்குத் தட்டைத்தலை ரகம்தான், வட்டமாக வெட்டினாற்போல் ஓட்டை விழும், மதிப்பெண் பார்ப்பது சுலபம். ரைஃபிளுக்கு 0.53 கிராம் வாக்கில் இருப்பது வழக்கம், பிஸ்டலுக்குக் கொஞ்சம் லேசு. தலையின் அளவு 4.49, 4.50 என்று டின்னில் போட்டிருக்கும். இந்த நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

இங்கேதான் எல்லோருக்கும் தராசு ஆசை வரும், எனக்கும் வந்தது. சௌகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் கையடக்கத் தராசு 0.01 கிராம்தான் காட்டும், நமக்கு 0.001 வேண்டும். வாங்கினேன். ஃபேன் ஓடினால் எண் ஒரு இடத்தில் நிற்காது. மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு, தட்டில் வியர்வை சொட்டாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து 0.527, 0.530, 0.534 என்று கிண்ணங்களில் பிரித்தேன், ஒரு டின்னில் 500. டார்கெட்டில் என் கை ஆடிய ஆட்டத்துக்கு முன்னால் அந்த ஏழு மில்லிகிராம் எதற்கும் ஆகவில்லை. முதல் வருடம் தராசு வேண்டாம். வெள்ளைத் துணியில் கொட்டி, பாவாடை மாதிரி விரிந்திருக்கும் பின்விளிம்பு நசுங்கியதைப் பொறுக்கி எறிந்தாலே பாதி வேலை முடிந்தது. டின்னை இறுக்கி மூடுங்கள், ஒரு சிலிக்கா பொட்டலம் போடுங்கள், இல்லையென்றால் கடற்காற்றில் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசியாக, ஒரே தடவையில் பத்து டின் வாங்காதீர்கள். மூன்று நாலு ரகத்தில் ஒவ்வொன்று வாங்குங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, காய்ந்த மணலை நிரப்பித் தைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்து ஒவ்வொரு ரகத்திலும் ஐந்தைந்தாக இரண்டு பேப்பர் சுடுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அந்த டின்னில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணை, எழுதிக்கொண்டு போய், அதே எண்ணில் இன்னும் நாலு இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.