அனிமேட்டர் வேலைக்கு ஷோரீல்: முதலில் பந்து, பிறகு நடை

முறையாகப் படிக்க விரும்பினால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் (என்.ஐ.டி.) அனிமேஷன் படிப்பு உண்டு. ஆனால் பட்டம் இருந்தாலும் ஸ்டுடியோவில் முதலில் கேட்பது ஷோரீலைத்தான், அதாவது நீங்கள் செய்த சிறந்த ஷாட்களைத் தொகுத்த சிறு வீடியோவை. கதாபாத்திர அனிமேட்டராக வேண்டுமென்றால் மாடலிங், லைட்டிங் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் அசைவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பழக பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் போதும், இலவசம். பின்னால் மாயா மென்பொருளுக்கு மாறினாலும் டைமிங் அறிவு அப்படியே கூட வரும்.

பந்தில் தொடங்குங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படம்) கணக்கில், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 11 ஃபிரேம் ஆகும். அதில் பாதி உயரம் எழும்பினால், ஏற 8, இறங்க 8. பலரும் சறுக்குவது தரையைத் தொடும் கீயில்தான், அதாவது அந்த நிலையைப் பதிவு செய்யும் ஃபிரேமில். கீகளுக்கு நடுவே பிளெண்டர் தானாகப் போடும் அசைவு வளைவு அங்கேயும் வேகத்தைக் குறைத்துவிடும். பந்து மெத்தையில் விழுந்தது போலத் தெரியும். அந்த வளைவைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்தக் கீயின் ஹேண்டிலை (வளைவைத் திருப்பும் பிடியை) வெக்டர் வகைக்கு மாற்றுங்கள், வளைவு கூர்முனையாகிவிடும். உச்சியில் மட்டும் வழவழப்பாக இருக்கட்டும். பந்தை நசுக்கும்போது உயரம் 0.8 என்றால் அகலமும் ஆழமும் 1.12 ஆக வேண்டும். இல்லாவிட்டால் பந்து சுருங்கியதாகத் தோன்றும்.

அடுத்தது நடை. 1-ஆம் ஃபிரேமில் குதிகால் ஊன்றல், 4-இல் இடுப்பு மிகத் தாழ்வு, 7-இல் ஒரு கால் மற்றதைக் கடத்தல், 10-இல் இடுப்பு மிக உயர்வு, 13-இல் மறுகால் ஊன்றல். நடை சுற்றிச் சுற்றி ஓட, 25-ஆம் ஃபிரேம் 1-இன் நகல். ரெண்டர் செய்யும்போது (வீடியோவாக்கும்போது) 24-உடன் நிறுத்துங்கள். 25-ஐயும் சேர்த்தால் ஒரே நிலை இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நடை விக்கும். நின்ற இடத்திலேயே நடக்கும் இந்தச் சுழற்சியில், ஊன்றிய பாதம் பின்னால் போகும் கோடு கிராஃபில் நேராக இருக்க வேண்டும். வளைந்தால், உருவத்தை முன்னே நகர்த்தியதும் பாதம் தரையில் வழுக்கும்.

இவை கைவந்த பிறகு, கனமான பெட்டியைத் தூக்கும் ஒரு ஷாட், வசனம் பேசும் ஒரு ஷாட். இரண்டையும் நீங்களே நடித்து ஃபோனில் படமெடுத்து, எடை எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள்.

ரீல் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிறந்த ஷாட் முதலில். சந்தேகமான ஷாட்டை இரக்கமின்றி வெட்டுங்கள். சாம்பல் நிற ரெண்டரே போதும். ரிக் (உருவத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடு அமைப்பு) மற்றவர் செய்தது என்றால் அவர் பெயரைத் திரையிலேயே போடுங்கள்.