வாரச் சமையலுக்குப் பாத்திரம் வாங்கும் முன் ஃப்ரிட்ஜை அளந்து பாருங்கள்

ஒரே நாளில் சமைத்து வைத்துவிட்டு வாரம் முழுக்கச் சாப்பிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் போய் நிற்பது கத்தி, மிக்ஸி, மின்சாரக் குக்கர் இருக்கும் பக்கம். என்னைக் கேட்டால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் உட்காரச் சொல்வேன். கிடங்கில் சரக்கு அடுக்கிக் கணக்கு வைப்பது என் பிழைப்பு. உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் சரக்கு எடுப்பது எனக்கு ஆகாது.

தட்டின் அகலம், ஆழம், ஒரு தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் உள்ள உயரம், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவை மூடும்போது கதவிலிருக்கும் அடுக்கு உள்ளே வந்து கொஞ்சம் இடத்தைத் தின்னும், அதைக் கழியுங்கள். பின்சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். குளிர்காற்று சுற்ற வழியில்லாமல் அடைத்துவிட்டால், குமிழை எங்கே திருகி வைத்தாலும் நடுவில் இருப்பது குளிராது. மிஞ்சும் அளவுக்குள் எத்தனை டப்பா அடங்குமோ, உங்கள் வாரச் சமையலின் எல்லை அதுதான். அடுப்பு எவ்வளவு பெரியது என்பது அப்புறம்.

வட்ட டப்பாவை நான் வாங்குவதில்லை. வட்டம் உட்காரும் சதுரத்தில் 78 சதவீதத்தைத்தான் அது நிரப்பும். மிச்சம் நாலு மூலையிலும் காற்று. செவ்வகமாக, அடியளவு ஒன்றாக, உயரம் மட்டும் இரண்டு விதமாக இருக்கும் ஒரே வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது எல்லா டப்பாவுக்கும் ஒரே மூடி பொருந்தும். இந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று காலையில் அலமாரியைக் கலைக்கிற வேலை இருக்காது. காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும், நிறைந்திருக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல் நிற்க வேண்டும். கையில் எடுத்து இரண்டையும் செய்து பார்த்துவிட்டே வாங்குங்கள். அடியில் போட்டிருக்கும் மில்லிலிட்டர் கணக்கு பல சமயம் விளிம்புவரைக்குமானது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும் என்பதால், ஃப்ரீசருக்குப் போகும் சூப்பையோ குழம்பையோ விளிம்புவரை ஊற்ற முடியாது. ஒரு லிட்டர் டப்பாவை முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆழம். கடையில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி 5 டிகிரியை எட்டும்வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் பெரிய பானையில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். உணவின் தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் உணவு நிற்காத தட்டையான டப்பாக்கள்தான் வேண்டும். உயரமான டப்பா காய்ந்த பொருளுக்கு ஆகும், சூடான சாப்பாட்டுக்கு ஆகாது. சோற்றில் இன்னும் கவனம் தேவை. பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. என்னிடம் இரண்டு அகலமான உலோக ட்ரே இருக்கிறது. சோற்றை அதில் பரப்பி ஆவி அடங்கியதும் டப்பாவில் போடுவேன். சமையலறையில் அதிகம் உழைக்கிற பொருள் அந்த ட்ரேதான்.

ஃப்ரிட்ஜில் சமைத்த உணவு மூன்று நாலு நாள்தான் நிற்கும். வாரத்தின் பிற்பாதிக்கு வேண்டியது -18 டிகிரி ஃப்ரீசருக்குப் போயாக வேண்டும். அதாவது இரண்டு இடத்துக்கும் டப்பா வேண்டும். எதனால் செய்த டப்பா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

கண்ணாடியில் கறை பிடிக்காது, வாடை தங்காது, மூடியைக் கழற்றிவிட்டு மைக்ரோவேவில் வைக்கலாம். போரோசிலிகேட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். சூட்டில் அது சாதாரணக் கண்ணாடியைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுதான் விரியும். வெப்பம் திடீரென்று மாறினால் தாங்குவது அதனால்தான். அதற்காக ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக ஓவனுக்குள் தள்ளாதீர்கள். எந்தக் கண்ணாடிக்கும் ஒரு வரம்பு உண்டு. கனமும் அதிகம். தினம் பையில் தூக்கிப் போகிறவருக்கு அது தோள்வலிதான்.

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்க வேண்டும். அது பாலிப்ரோப்பிலீன். இலேசானது, சூட்டையும் ஓரளவு தாங்கும். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று தனியாகக் குறி இருந்தால் மட்டுமே உள்ளே வையுங்கள். கடுங்குளிரில் பல பாலிப்ரோப்பிலீன் டப்பாக்கள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உறைந்த டப்பா கை தவறி விழுந்தால் மூலை தெறிக்கும். தக்காளியும் எண்ணெயும் சேர்ந்த கறை வாழ்நாள் முழுக்க இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் எனக்குப் பிடித்தது. உடையாது, உணவும் சீக்கிரம் ஆறும். 18/8 என்று போட்டிருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். மைக்ரோவேவில் வைக்க முடியாது என்ற ஒன்றுதான் குறை. மதியச் சாப்பாட்டை வேறு எங்காவது மைக்ரோவேவில் சூடாக்க வேண்டியவருக்கு அந்த ஒரு குறையே போதும், வேண்டாம் என்று சொல்ல.

எந்த வகையானாலும் மூடியின் ரப்பர் கேஸ்கட்டை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கழன்று வர வேண்டும். கழலாத கேஸ்கட்டுக்கு அடியில் பூஞ்சை குடியேறும். முதலில் சாகிறது எப்போதும் மூடிதான். மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுப்புப் பக்கம் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு பெரிய அடிகனமான பாத்திரம், ஒரு பிரஷர் குக்கர், ஓவன் இருந்தால் ஒரே அளவில் இரண்டு ட்ரே. ட்ரே வாங்கும் முன் ஓவனின் உட்புறத்தை அளக்க வேண்டும், கதவை அல்ல. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, நுரைத்துப் பெருகும் பயறு வகைகளுக்குப் பாதிதான். ஆக, 5 லிட்டர் குக்கர் பயறுக்கு வெறும் இரண்டரை லிட்டர். மொத்தமாகச் சமைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே அதில் போடுங்கள். அந்தப் பயறில் உள்ள நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழியாது.

கத்தி ஒன்று போதும், 20 சென்டிமீட்டர் அளவில், அதோடு ஒரு சாணைக் கல். அடுக்கு அடுக்காக வரும் கத்திப் பெட்டி அலமாரிக்குத்தான் அழகு. பலகை மட்டும் இரண்டு வேண்டும், பச்சை இறைச்சிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. மரமோ பிளாஸ்டிக்கோ, கத்தியைவிட நீளமாக. கண்ணாடிப் பலகை கத்தியின் கூரைச் சீக்கிரமே தின்றுவிடும். காய் வெட்டும் எந்திரத்தைப் பார்த்தால் அதில் கழுவ வேண்டிய பாகங்களை எண்ணுங்கள். நாலுக்கு மேல் போனால் நான் திருப்பி வைத்துவிடுவேன்.

பலர் விட்டுவிடும் இரண்டு சின்னப் பொருள்கள் உண்டு. ஒன்று, ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசு. டப்பாவை வைத்துச் சுழியாக்கிவிட்டு அள்ளிப் போட்டால் எல்லாப் பங்கும் ஒரே அளவாக வரும். இன்னொன்று, உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி. ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மாற்றுங்கள். மறுபடி சூடாக்கும்போது நடுவில் 74 டிகிரி வந்துவிட்டால் சாப்பிடலாம்.

காற்றை உறிஞ்சி அடைக்கும் வாக்குவம் கருவியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃப்ரீசரில் இறைச்சி காய்ந்து வெளுத்துப் போகாமல் காக்கும், அதற்கு நல்லது. ஆனால் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் உண்டு, போட்டுலிசம் நோயைத் தருவது அப்படிப்பட்டதுதான். அடைத்த பையும் குளிரில்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் வாங்கி, சில மாதம் சமைத்து, அப்புறமும் தேவை என்று தோன்றினால் பார்க்கலாம்.

எத்தனை டப்பா என்றால், இரண்டு பேருக்கு ஒரு வேளை, நாலு நாள் என்றால் எட்டு. கழுவுமிடத்தில் கிடப்பதற்காக இன்னும் இரண்டு. முதல் தவணையில் அவ்வளவுதான். கூடவே ஒரு சுருள் மாஸ்கிங் டேப், ஒரு மார்க்கர் பேனா. டேப்பை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டி, என்ன உணவு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். மூடிகள் இடம் மாறும். அடுக்கி வைத்த பிறகு கண்ணுக்குத் தெரிவதும் பக்கவாட்டுதான்.