கூழ் ஊற்றும் இடத்தில் சண்டைப் பேச்சு வந்தால்

ஆடியில் கூழ் ஊற்றும்போதோ ஏரிக்கரையில் குப்பை பொறுக்கும்போதோ யாராவது சாதி, மதம், கட்சி என்று ஆரம்பித்தால், பதில் சொல்லும் முன் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்குப் பேச்சை முடிப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். "வாங்கண்ணே, இந்தச் சின்ன வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே பேசலாம். பதினோரு மணிக்கு நான் பந்திக்குப் போகணும்."

கண் எதிராளியின் முகத்தில் இல்லாமல் வெங்காயத்தில் இருக்கும்போது குரல் தானாகத் தணிகிறது. நேரத்தை முதலிலேயே சொல்லிவிட்டதால், பாதியில் எழுந்தாலும் அவமதித்ததாக ஆகாது. தோற்றுப் போய் ஓடுகிறான் என்றும் சொல்ல முடியாது. 1867-ல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் சாதி, மதம் கேட்காமல் சோறு போட்டார்கள். சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் கூழுக்கு நிற்கும் வரிசையிலும் யாரிடமும் கட்சி கேட்க வேண்டியதில்லை. வேறு கருத்துக்காரர் உரித்த வெங்காயமும் அதே கூழுக்குத்தான் தொட்டுக்கொள்ள.

வரிசையில் நிற்கும் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினால் இது உதவாது. அங்கே வெங்காயமும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். "இந்தப் பேச்சு இங்கே கூடாது" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, திட்டு வாங்கியவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மிரட்டல், கைகலப்பு என்றால் 112-ஐக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் இது எடுபடாது. அங்கே ஆரம்பித்தவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, அடுத்த கூழுக்கு வரச் சொல்லுங்கள்.