முழுத் தோள்பட்டைக் கறியை ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு, OTG) நிதானமாகச் சுடுவது எப்படி?

மாட்டுக்கறியில் விலை குறைந்த பாகத்துக்குத்தான் ருசி அதிகம். நாள் முழுக்க உழைக்கும் தசை அது; சவ்வு நிறைய இருக்கும். அந்தச் சவ்வைப் பொறுமையாகக் கரைய விடுவதுதான் இந்தச் சமையலில் மொத்த வேலையும்.

கடையில் எலும்பில்லாத தோள்பட்டைக் கறி ஒன்றரை கிலோ கேளுங்கள். கேட்ட கையோடு "வெட்ட வேண்டாம், முழுசா வேணும்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பணத்தை எடுப்பதற்குள் துண்டு போட்டுவிடுவார்கள். பின்தொடைக் கறி வேண்டாம். அதில் சவ்வு குறைவு, இவ்வளவு நேரம் சுட்டால் வறண்டுவிடும்.

கிலோவுக்கு 10 கிராம் உப்பு, அதோடு இடித்த மிளகு. எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பும் காயும். இஞ்சி பூண்டு விழுது இப்போது கூடாது, சட்டியில் கருகிக் கசக்கும்.

மறுநாள் இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எல்லாப் பக்கமும் சிவக்க வையுங்கள். நான்ஸ்டிக் இந்த வேலைக்கு ஆகாது. இப்படிச் செய்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படி எதுவும் பூட்டாது. சிவந்த மேற்பரப்பு தரும் மணத்துக்காகத்தான் இது.

அப்புறம் தட்டில் சின்ன வெங்காயம், பூண்டு பரப்பி, மேலே கறியை வைத்து, 130 டிகிரி செல்சியஸில் ஓடிஜிக்குள் தள்ளுங்கள். வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஊசி கறியின் நட்டநடுவில் இருக்க வேண்டும். இந்தக் கருவிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். கடிகாரத்தை மட்டும் நம்பிச் சுடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனிமேல்தான் பலரும் தடுமாறுவார்கள். 60 டிகிரி வரை எண் மளமளவென்று ஏறும். 65, 70 வாக்கில் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் போனாலும் நகராமல் இருக்கலாம். ஓடிஜி பழுதாகவில்லை. கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, உள்ளே வரும் சூட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். இந்த நேரத்தில் ஒரு ஓரத்தை வெட்டிக் கடித்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். தசை சுருங்கிவிட்டது, சவ்வு இன்னும் கரையவில்லை. அதிகமாக வெந்துவிட்டது என்று பயந்து வெளியே எடுத்துவிடாதீர்கள், சூட்டையும் கூட்டாதீர்கள். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் தட்டை இறுக்கி மூடிவிடுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் எண் மறுபடி ஏறத் தொடங்கும்.

93 டிகிரி தொட்டதும் முள்கரண்டியைக் குத்தித் திருகிப் பாருங்கள். இழை தானாகப் பிரிந்தால் சரி. தடுத்தால் இன்னும் அரை மணி. மொத்தம் நாலைந்து மணி நேரம் ஆகும். எருமைக்கறி என்றால் கொழுப்பு குறைவு, கொஞ்சம் முன்னதாகவே தாளால் மூடிவிடுவது நல்லது.

எடுத்ததும் வெட்டாதீர்கள். மூடியபடியே அரை மணி இருக்கட்டும். பிறகு இழை ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். தட்டில் தேங்கிய சாற்றை வெங்காயத்தோடு மசித்து, கறிவேப்பிலை, மிளகு தாளித்துச் சேர்த்தால் குழம்பு தனியாக வேண்டியதில்லை. பரோட்டாவுக்கும் சோற்றுக்கும் அதுவே போதும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். சில ஓடிஜிகளில் டைமர் 60 நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. தொடர்ந்து எரியும் நிலை இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் ஃபோனில் அலாரம் வைத்து டைமரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கறிக்கு மிக அருகில் வந்து மேற்புறம் கருகுகிறது. தட்டைக் கடைசித் தளத்துக்கு இறக்கி, கீழ்க் கம்பியை மட்டும் போடுங்கள்.